உங்கள் வீட்டுக்கு எந்த நாய் ஏற்றது?

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு மகேந்திரவர்ம பல்லவன் ஆண்டு வந்தான். அவன் காலத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எடுத்தனூரில் ஒரு சண்டை நடந்தது. மாடுகளுக்காக நடந்த சண்டை. அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். ஒரு வீரன் எதிர்த்து நின்று போராடி உயிரை விட்டான். அவனோடு ஒரு நாயும் நின்றது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது.

ஊரார் அந்த வீரனுக்குக் கல் நட்டார்கள். கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவத்தையும் செதுக்கினார்கள். நாயின் பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

அதன் பெயர் கோவிவன்!

கோவிவன் என்ன ஜாதி நாய்? கல்லில் அது எழுதப்படவில்லை. அது என்ன செய்தது என்பது மட்டும்தான் எழுதப்பட்டு இருக்கிறது.

இன்று நாய் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே, "என்ன ஜாதி?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "நம் வீடு எப்படிப்பட்டது?" என்பதே அது.

தறி இருக்கும் வீடு

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே உள்ள ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

வீட்டின் நடுவே குழித்தறி. அப்பா குழியில் கால்களை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கிறார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. அம்மா ராட்டையில் தார் சுற்றுகிறாள். பாட்டி திண்ணையில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன். அவனுக்குக் கீழே ஒரு பெண் குழந்தை.

"அப்பா, எதிர் வீட்டுல நாய்க்குட்டி வாங்கி இருக்காங்கப்பா. நமக்கும் ஒண்ணு வாங்குப்பா!" என்கிறான் பையன்.

"தறி இருக்கிற வீட்டுல நாயாடா?" என்கிறார் அப்பா.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நூலும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ வாங்கியவை. எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடை போட்டு வாங்குவார்கள். ஜரிகை என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் பூசியது. குட்டி ஒரு கண்டு நூலைக் கவ்விக்கொண்டு வாசல் வரை ஓடினால் போதும். நஷ்டம் யாருக்கு? நெய்கிறவருக்குத்தான்!

இன்னொரு தொல்லையும் உண்டு. நாய் ரோமம் காற்றில் பறக்கும். அரக்கு நிறப் பட்டில் ஒரு வெள்ளை ரோமம் ஒட்டி, அதன் மேல் ஊடை இழையும் விழுந்துவிட்டால், பிறகு ஊசி முனையால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும்.

அப்படியானால் நெசவாளர் வீட்டில் நாய் வளர்க்கவே கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். எந்த நாய், எந்த வயதில், வீட்டில் எந்த இடத்தில் என்று யோசித்துச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

பஞ்சு உருண்டை

"பொமரேனியன் வாங்கலாம்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். பார்க்கப் பஞ்சு உருண்டை போல இருக்கும். பால்டிக் கடற்கரையில் உள்ள பொமரேனியா என்ற பகுதியின் பெயரைக் கொண்டது. இங்கிலாந்து ராணி விக்டோரியா 1888-ல் இத்தாலிக்குப் போனபோது இந்த நாய்களைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வந்தார். அதன் பிறகு உலகம் முழுவதும் பரவியது.

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் நல்லதுதான். தீனிச் செலவும் குறைவு. ஆனால் இதன் ரோமம் இரண்டு அடுக்கு. வெளியே நீளமானது, உள்ளே பஞ்சு போன்றது. தினமும் சீவி விட வேண்டும். சீவினாலும் உதிரும். தறி வீட்டுக்கு இது கொஞ்சமும் சரிப்படாது. குரைப்பும் அதிகம். தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட விடாது.

லாப்ரடார் சாதுவான நாய். குழந்தைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்கு வலை இழுக்க உதவிய நாய்களின் வம்சம் இது. அதனால்தான் தண்ணீரைக் கண்டால் குதிக்கிறது. ஆனால் வளர்ந்த நாய் 30 கிலோ எடை வரும். எவ்வளவு போட்டாலும் சாப்பிடும். ஓட விடாமல் கட்டிப் போட்டுச் சோறு போட்டால் குண்டாகிவிடும். இடுப்பு மூட்டு கெட்டுப் போகும். இதற்கும் ரோமம் உதிரும். மாடியும் தோட்டமும் உள்ள வீடு, காலையிலும் மாலையிலும் நடத்திக்கொண்டு போக ஆள், இரண்டும் இருந்தால் லாப்ரடார் வாங்கலாம்.

போலீஸ் நாய் என்று நாம் சொல்லும் அல்சேஷனை ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1899-ல் ஆட்டு மந்தை மேய்க்கும் நாய்களில் இருந்து தேர்ந்து வளர்த்தார். மகா புத்திசாலி. அந்தப் புத்திக்கு வேலை கொடுக்க வேண்டும். வேலை இல்லாமல் சங்கிலியில் கிடந்தால் குணம் கெட்டுவிடும். ரோமமோ, கேட்கவே வேண்டாம்!

சப்பை மூக்கு 'பக்' நாயைத் தமிழ்நாட்டில் பட்டிதொட்டி எல்லாம் பிரபலம் ஆக்கியது 2003-ல் வந்த ஒரு டெலிபோன் கம்பெனி விளம்பரம். ஒரு சிறுவன் போகும் இடம் எல்லாம் அது பின்னால் போகும். பார்த்தவர்கள் எல்லாரும் அந்த நாயைத் தேடினார்கள். ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுவதும் வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சு இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 'பக்' நாய்க்கோ மூச்சுக் குழலே குறுகல். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. மூச்சுத் திணறிச் செத்தும் போகலாம். பனி நாட்டு ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு நாய்களை இங்கே கொண்டு வருவதும் இதே போன்ற கொடுமைதான். கம்பளிச் சட்டை போட்ட மனிதனை வெயிலில் நிறுத்தி வைப்பது போல!

டாக்ஸ்ஹண்ட் என்ற குட்டைக் கால் நாய் நம் வீடுகளுக்கு ஓரளவு ஏற்றது. ரோமம் குட்டை. தைரியசாலி. ஆனால் நீளமான முதுகு. படி ஏறி இறங்கினாலும், திண்ணையில் இருந்து குதித்தாலும் முதுகெலும்பு பாதிக்கப்படும். உயரத் திண்ணை உள்ள வீட்டில் கவனம் தேவை.

நம் ஊர்ச் சிங்கங்கள்

வெளிநாட்டு நாய்களை விட்டுவிட்டு நம் நாட்டு நாய்களுக்கு வருவோம்.

ராஜபாளையம் நாயைத் தெரியாதவர் இல்லை. பால் போன்ற வெள்ளை நிறம். இளஞ்சிவப்பு மூக்கு. நிமிர்ந்து நின்றால் இரண்டு அடிக்கு மேல் உயரம். 2005-ல் இந்திய அரசு நாய்ப் படம் போட்ட தபால் தலைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. வேற்று ஆள் வாசலில் கால் வைக்க முடியாது. வீட்டாரிடம் மட்டும் பாசம். விருந்தாளிகளும் வியாபாரிகளும் ஓயாமல் வந்து போகும் வீட்டில் இது தொல்லை. தோப்பு, பண்ணை, தனி வீடு இவற்றுக்கு இதைவிடச் சிறந்த காவல் கிடையாது.

இதை வாங்கும்போது ஒரு பரீட்சை செய்து பார்க்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். குட்டி பார்க்காதபோது அதன் பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் காது கேட்கிறது. மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். ஆகவே தனியாக வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இரண்டும் தென் மாவட்டத்து நாய்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான முகம். முயல் வேட்டைக்கு வளர்த்தவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றம் ஆகிவிட்டது. ஆனால் நாயின் கால்களுக்குச் சட்டம் தெரியுமா? ஓட வேண்டும் என்ற துடிப்பு ரத்தத்திலேயே இருக்கிறது. கோழி ஓடினால் துரத்தும். பூனை ஓடினால் துரத்தும். ஆடும் கோழியும் திரியும் தெருவில், அவிழ்த்து விட்ட சிப்பிப்பாறை தினம் ஒரு வழக்கைக் கொண்டு வந்து சேர்க்கும்.

இவற்றுக்கு நல்ல குணங்களும் உண்டு. ரோமம் மிகக் குட்டை. உடம்பில் வாடை இல்லை. நம் வெயில் பழக்கம். வீட்டுக்குள் சத்தம் இல்லாமல் படுத்துக் கிடக்கும். கறுப்பு உடலும் பழுப்புக் கால்களும் கொண்டது கன்னி. கல்யாணம் ஆகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று தெற்கே சொல்வார்கள். கூச்ச சுபாவம் உள்ளது. அதட்டி வளர்த்தால் ஒடுங்கிப் போகும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செம்பழுப்பு நிறம். முகம் கறுப்பு. கட்டுமஸ்தான உடம்பு, முரட்டுக் காவல். முதன் முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு இது வேண்டாம்.

2020 ஆகஸ்டு மாதம் பிரதமர் மோடி தமது வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களின் பெயரைச் சொல்லி, நம் நாட்டு நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். உடனே குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறினால் கலப்படமும் ஏறும் அல்லவா? சாதாரண வெள்ளைக் குட்டியை ராஜபாளையம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். தாய் நாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டி வாங்கக் கூடாது. தாயின் குணம் எப்படியோ, குட்டியின் குணமும் பெரும்பாலும் அப்படித்தான். பிறந்து 8 வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். "சின்னதாக இருந்தால்தான் ஒட்டும்" என்று சொல்லி ஒரு மாதக் குட்டியைத் தலையில் கட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

பயம் காட்டும் நாய்கள்

ராட்வீலர், பிட்புல் போன்ற நாய்களைச் சிலர் கௌரவத்துக்காக வாங்குகிறார்கள். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. பலத்த காயத்துடன் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தமிழ்நாடே பதறியது.

எல்லா ராட்வீலரும் கடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த நாயும் ஒரு சமயம் கடிக்கலாம். பொமரேனியன் கடித்தால் பல் பதியும். ராட்வீலர் கடித்தால் எலும்பு நொறுங்கும். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

தெருவில் கிடைக்கும் மாணிக்கம்

இனி, யாரும் ஜாதி கேட்காத நாய் ஒன்று இருக்கிறது. நம் தெரு நாய்தான்!

இதற்கு விலை கிடையாது. நம் வெயிலும் மழையும் பழகிய உடம்பு. குட்டையான ரோமம். ஜாதி நாய்களைத் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பதால் வரும் பிறவி நோய்கள் இதற்குக் குறைவு. நடுத்தர உயரம். வீட்டுச் சோறு போதும். காவலுக்கும் குறைவில்லை. ஒரு கவளம் போட்டவரைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பும்.

ஐயம்பேட்டைத் தறி வீட்டுக்கு எந்த நாய் ஏற்றது என்று கேட்டால், பதில் இதுதான். குட்டை ரோம நாட்டு நாய். அதுவும் பல் முளைத்து முடிந்த நாய்.

பல்லை ஏன் சொல்ல வேண்டும்? குட்டிக்கு 3, 4 மாதத்தில் பால் பல் விழ ஆரம்பிக்கும். 6, 7 மாதத்துக்குள் நிரந்தரப் பல் முளைத்துவிடும். அந்த இடைக் காலத்தில் ஈறு ஊறல் எடுக்கும். செருப்பு, துடைப்பம், தறிக் கட்டை, தார்க் குச்சி, எது அகப்பட்டாலும் கடிக்கும். ஆகவே தறி வீட்டுக்கு 8 மாதமோ ஒரு வயதோ ஆன நாயைத் தத்து எடுப்பது புத்திசாலித்தனம். பெரிய நாய் ஒட்டாது என்பது வீண் பயம். பிராணிகளைக் காப்பாற்றும் சங்கங்களில் இப்படிப்பட்ட நாய்கள் காத்துக் கிடக்கின்றன. சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் அவற்றில் ஒன்று. கருத்தடை ஆபரேஷன் செய்து, ஊசியும் போட்டுத் தருகிறார்கள்.

பையனுக்குக் குட்டிதான் வேண்டும் என்றால்? அப்போது பல் முளைக்கும் வரை தறிக் கூடத்துக்குக் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு போட வேண்டும். தறிக் குழி குளிர்ச்சியாக இருக்கும். வெயில் நேரத்தில் குட்டி அதற்குள் இறங்கிப் படுக்கப் பார்க்கும். மிதியில் கால் வைக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டியது அப்பாவின் வேலை. கடிப்பதற்கு என்று ஈரத் துணியை முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் தார்க் குச்சி தப்பிக்கும்.

சோறும் வெங்காயமும்

நாய் சராசரியாக 10 முதல் 15 ஆண்டு உயிர் வாழும். பெரிய ஜாதி நாய்களுக்கு ஆயுள் குறைவு. சின்ன நாய்களுக்கு அதிகம். இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் அந்த நாய் வீட்டில் இருக்கும். அத்தனை வருஷமும் யார் சோறு போடுவது? "நான்தான்" என்று பையன் சொல்வான். நம்ப வேண்டாம்! பத்தே நாளில் அந்த வேலை அம்மாவிடம் வந்து சேரும். ஆகவே அம்மாவின் சம்மதம் இல்லாமல் நாய் வாங்கக் கூடாது. பாட்டியின் சம்மதமும் வேண்டும். வயதானவர்கள் உள்ள வீட்டில், மேலே தாவிக் குதிக்கும் பெரிய நாய் ஒரே தாவலில் இடுப்பெலும்பை முறித்துவிடும்.

நாய்க்கு மிச்சச் சோறு போடலாம். ஆனால் வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு கூடாது. வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு ஊசி போலப் பிளந்து குடலைக் குத்தும். சோற்றோடு முட்டை, வேக வைத்த மீன் அல்லது கறி கலந்து கொடுத்தால் நல்லது. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

உயிர் போகும் விஷயம்

எந்த நாய் வாங்கினாலும் ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. வெறிநாய்க்கடி நோய்! இந்த நோய் மனிதனுக்கு முற்றிவிட்டால் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வராமல் தடுப்பது சுலபம்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. அரசுக் கால்நடை ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம்.

நாய் கடித்தால், வீட்டு நாயானாலும் சரி, தெரு நாயானாலும் சரி, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு தடவுவது, மிளகாய்த் தூள் அப்புவது, மஞ்சள் வைத்துக் கட்டுவது எதுவும் கூடாது. கழுவியதும் நேரே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம்.

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று இன்றும் சிலர் பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்து விடுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆட்டின் மூளையில் இருந்து மருந்து தயாரித்து வயிற்றில் போட்டது பழைய முறை. 2005-க்குள் அது இந்தியாவில் அடியோடு நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் ஊசி. 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். ஒரு தவணையும் விடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முதன் முதலில் ஊசி போட்டுக் காப்பாற்றினாரே, அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஊசியும்.

குழந்தைகளுக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடும் நாயைத் தொடாதே. தூங்கும் நாயைத் தொடாதே. குட்டி போட்ட நாயின் பக்கம் போகாதே. குழந்தை தனக்குக் கடிபட்டதை, அடி விழும் என்று பயந்து மறைக்கும். "நாய் பிறாண்டினாக்கூட அம்மாகிட்ட சொல்லணும், அடிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதல் ராத்திரி அழுகை

குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ராத்திரி அழும். தாயைத் தேடும். அடிக்கக் கூடாது. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவும் கூடாது. தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து பெட்டியில் விரியுங்கள். அந்த வாசனையில் அடங்கும். பெட்டி, ஆட்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அக்கம்பக்கத்தாரிடம், "ரெண்டு நாள் சத்தம் போடும், பொறுத்துக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

தறிச் சத்தத்துக்கும் முதலில் மிரளும். மூலையில் ஒண்டும். அப்பா நெய்யும்போது பையன் தடுப்புக்கு வெளியே குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இருக்கட்டும். நாலு நாள் அப்படிச் செய்தால் பழகிவிடும். பிறகு தறி ஓடும் வரைக்கும் தூங்கும். தறி நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும்.